புதுப்பிப்பு: வான் வண்டியில் நாய் ஜிம்மியோடு மணற்காட்டுக்கு

பழைய வானுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன் எல்லாம் பொருத்தியாச்சு, நாயையும் கூட்டிக்கொண்டு இரவு தங்கப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வழியாக மணற்காட்டுக் கடற்கரைக்குப் போய் வந்துவிட்டோம். வில்பத்துவைச் சொன்னவர்களுக்கு: தேசிய பூங்காவுக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை.

முக்கியமானது வெக்கைதான். வெளியில் 30 பாகை என்றால், மூடிய வானுக்குள் பத்தே நிமிடத்தில் 40 பாகையை நெருங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுவது பெரிதாக உதவாது. நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் கடைக்கு இறங்கும்போதெல்லாம் ஒருவர் ஜிம்மியோடு நிழலில் நின்றோம்.

கடற்கரையில் அவன் அலையை நக்கப் போனான். உப்புத் தண்ணீர் குடித்தால் நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அவனுடைய கிண்ணத்திலேயே அடிக்கடி வைத்தோம், அப்புறம் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு டோர்ச் அடித்துக் காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்ததில் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி. சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், முழுதாக வந்தது.

வானுக்குள் சமைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அடுப்பு எரியும்போது வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாங்கள் வெளியில் சமைத்து, படுக்கமுன் சிலிண்டரை இறுக்கி மூடினோம்.

அடுத்தது சங்குப்பிட்டிப் பாலத்தால் மன்னார்ப் பக்கம். நாயோடு தங்க நல்ல நிழலான இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.