பெருநகரில் இருவராகக் குடியேறும்போது: எந்தப் பகுதி, யாருக்காக?

இரண்டாம்நடைமேடை எழுதியது:

வேலை கிடைத்துப் பெருநகரத்துக்குப் போகிற தம்பதிகள் முதலில் கேட்பது, "எந்த ஏரியா நல்லது?" பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. நல்லது என்றால் யாருக்கு, எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேட்பவர்தான் அபூர்வம்.

வீடு பார்க்க இருவரும் சேர்ந்து போகிறோம், அதுவும் விடுமுறை நாளில், நல்ல வெளிச்சத்தில். குடிபோன பிறகு அந்தத் தெருவில் இருவரும் சேர்ந்து நடப்பது எப்போதோ ஒரு நாள்தான். ஒருவர் விடிவதற்குள் கிளம்புவார், இன்னொருவர் இருட்டிய பிறகு திரும்புவார். ஆகவே, பிடித்துப்போன பகுதியை ஒருமுறை தனித்தனியாக, அவரவர் நேரத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

எங்களுக்கு அலுவலகங்கள் ஊரின் இரண்டு கோடியில். "நடுவில் பாருங்கள்" என்று சொல்லாதவர் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வந்தது. இரண்டு அலுவலகங்களையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது என்று வையுங்கள். அந்தப் பாதையில் எங்கே வீடு எடுத்தாலும் இருவரின் பயண நேரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரே தொகைதான். ஒருவருக்கு 20 நிமிடம், மற்றவருக்கு 70 நிமிடம் என்றாலும் 90. ஆளுக்கு 45 என்றாலும் 90. நடுவில் இருப்பதால் குடும்பத்துக்கு ஒரு நிமிடமும் மிச்சமில்லை, சுமை சரிபாதியாகிறது, அவ்வளவே. அந்தச் சரிபாதியும் இருவரும் தினமும் அலுவலகம் போனால்தான். ஒருவர் வாரத்தில் 5 நாள், மற்றவர் 2 நாள் போகிறார்கள் என்றால், நடுவில் வீடு எடுத்தால் ஒருவழிப் பயணம் வாரத்துக்கு 315 நிமிடம். 5 நாள் போகிறவர் பக்கமாக நகர்ந்து அவருக்கு 20, மற்றவருக்கு 70 என்று வைத்தால் 240 நிமிடம். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சஹாவி அதற்கு முன்பே செய்திருந்த ஆய்வுகளிலிருந்து எடுத்த கருத்து அது. போக 45, வர 45 என்றால் இருவருமே அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். ஒருவராவது அதற்குள் இருக்கட்டுமே என்று நான் வாதாடினேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

---

கூடவந்தவள் எழுதியது:

நீங்கள் இரண்டு அலுவலகங்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், சகோதரி. எனக்கு அலுவலகமே இல்லை. வேலை கிடைத்தது கணவருக்கு, நான் கூட வந்தேன். துணையின் வேலைக்காகத் தன் வேலையை விட்டு இடம்பெயர்கிறவர்களைப் பற்றிப் பொருளியலாளர் ஜேக்கப் மின்சர் 1978இலேயே எழுதிவிட்டார். குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபம், அதில் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் என்கிற நிலையை அவர் விளக்கியிருக்கிறார். படித்தபோது யாரோ என் கதையைச் சொல்வது போல் இருந்தது.

பகுதியைத் தேர்ந்தெடுத்தது கணவருடைய நிறுவனம். அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம், புதிய கட்டடம், இரண்டு லிஃப்ட், கண்ணாடி முகப்பு. எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். சுற்றிலும் வங்கிகள், அலுவலகங்கள், அந்த அலுவலகக்காரர்களுக்கான கடைகள். காலை ஒன்பதுக்கு மனிதர்கள் வந்து நிறைவார்கள், மாலை ஏழுக்கு வடிந்துவிடுவார்கள். சனி, ஞாயிறு என்றால் ஷட்டர்களை எண்ணிக்கொண்டே நடக்கலாம். ஒரு நூல்கண்டு வாங்க வேண்டியிருந்தது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனேன். மூன்று வங்கிகளில் பணம் எடுக்கலாம், கைப்பேசி வாங்கலாம், விமான டிக்கெட் பதியலாம். நூல்கண்டு கிடைக்கவில்லை. வார நாள் பகல்களில் நான் பேசிய ஒரே மனிதர் கட்டடத்தின் காவலாளி. அவரும் என்னைப் பார்த்தால் கடிதம் ஒன்றும் வரவில்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒரு தெருவில் வீடு, கடை, வேலையிடம், பொழுதுபோக்கு எல்லாம் கலந்திருந்தால் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு மனிதர்கள் நடமாடுவார்கள், தெருவின் மேல் எப்போதும் யாருடைய கண்ணாவது இருக்கும் என்பது அவர் வாதம். ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய பகுதி, அந்த வேலை நடக்காத நேரமெல்லாம் செத்துக்கிடக்கும்.

என் வாதம் எளிது. என் கணவருக்கு அந்தப் பகுதி படுத்து எழுகிற இடம். எனக்கு அது முழுநாள். விழித்திருக்கிற நேரத்தில் யார் அதிகம் அங்கே இருக்கப்போகிறாரோ அவருடைய வார்த்தைக்கு எடை கூட இருக்க வேண்டும். சம்பளம் யார் கொண்டுவருகிறார் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்கிற வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு வீடு மாறினோம். வேலை தேடுகிற எனக்கு எந்த அலுவலகத்தின் பக்கத்தில் இருப்பது என்று எப்படித் தெரியும்? அதனால் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கிற நிலையத்தின் அருகில் எடுத்தோம். எந்தத் திசையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்தாலும் வண்டி மாறாமல் போக முடிந்தது. படித்த தம்பதிகள் பெருநகரங்களில் ஏன் குவிகிறார்கள் என்பதற்கு பொருளியலாளர்கள் டோரா கோஸ்டாவும் மேத்யூ கானும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரவுகளை வைத்துச் சொன்ன விளக்கமும் இதுதான்: இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்க வேண்டும், பெரிய ஊரில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி நம்பி ஊருக்கு வந்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் வசதியான மூலையில் குடியேறினால் வந்ததற்கு என்ன பொருள்?

---

பகலுறக்கம் எழுதியது:

நான் இரவுப் பணி. மனைவி பகல் பணி. எங்களுக்குப் பயண நேரம் பிரச்சினையே இல்லை, சத்தம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், சாலைப் போக்குவரத்தின் சத்தம் முழுநாள் சராசரியில் 53 டெசிபலுக்குள்ளும், இரவில் 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் இரவு மற்றவர்களுடைய பகல் என்பது அந்தச் சராசரிக்குத் தெரியாது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசமாகத் தோன்றும்.

வீடு பார்க்கப் போகும்போது இப்போது நான் கவனிப்பது பக்கத்து வீடுகளை அல்ல, பக்கத்துக் காலிமனையை. "காற்றோட்டம், வெளிச்சம், எதிரே வெட்டவெளி" என்று தரகர் பெருமையாகக் காட்டுகிற வெட்டவெளியில்தான் அடுத்த ஆண்டு கம்பி அறுக்கும் இயந்திரம் வந்து நிற்கும். அடுத்து, பள்ளிக்கூட மணி. மணிகூடப் பரவாயில்லை, இடைவேளை விட்டதும் எழுகிற கூச்சல் இருக்கிறதே!

மனைவிக்கு அந்தக் கூச்சல் பிடிக்கும். அவர் அதைக் கேட்பது விடுப்பு எடுத்த நாளில் மட்டும்.

---

மேல்மாடி எழுதியது:

கணவரும் நானும் பார்த்த வீடு ரயில் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை என்றார்கள். பொய்யில்லை, உண்மையாகவே ஆறு நிமிடம்தான். பகலில் இருவரும் பேசிக்கொண்டே நடந்து போனோம். நிழல் விழுகிற மரங்கள், ஆளரவம் குறைவு, அமைதி.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நான் வழக்கமாகத் திரும்பப்போகிற நேரத்தில், இரவு பத்து மணிக்குமேல், தனியாகப் போனேன். பகலில் நிழல் தந்த அதே மரங்கள் இப்போது தெருவிளக்குகளை மறைத்துக்கொண்டு நின்றன. வெளிச்சம் இலைகளின் மேல்தான் இருந்தது, நடைபாதையில் இல்லை. இடப்பக்கம் முழுக்க ஒரு பெரிய வளாகத்தின் மதில். கதவில்லை, சன்னலில்லை, ஒதுங்க ஒரு சந்துகூட இல்லை. வலப்பக்கம் நிறுத்திவைத்த வண்டிகளின் வரிசை. பாதி வழியில் நடைபாதை முடிந்துபோனதால் வண்டிகளுக்கும் சாலைக்கும் நடுவே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவரும் வீட்டுக்குத்தான் போயிருப்பார், பாவம். நான் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அவரை முன்னால் போக விட்டேன்.

கணவர் அடுத்த இரவு அதே வழியில் தனியாக நடந்துவிட்டு வந்து, "ஒன்றுமில்லையே" என்றார். அவருக்கு ஒன்றுமில்லைதான். நாங்கள் நிலையத்தின் மறுபக்கத்தில் வீடு எடுத்தோம். ஒன்பது நிமிட நடை, வாடகையும் கூடுதல். ஆனால் வழிநெடுகக் கீழ்த்தளத்துச் சன்னல்களில் விளக்கு எரியும், ஒரு மருந்துக்கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும். பாதுகாப்பான பகுதியா என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் "ஆமாம்" என்பார்கள். நிலையத்தின் எந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வருவாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

---

கணக்கன் எழுதியது:

பயண நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வரைபடச் செயலியில் ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து தூரம் பார்க்காதீர்கள். வார நாள் ஒன்றைத் தேர்ந்து, அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

"பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்" என்பதும் ஏமாற்றும். பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால் சராசரியாக 5 நிமிடம்தான் காத்திருப்போம். ஒழுங்கேயில்லாமல் வந்தால், மணிக்கு அதே 6 பஸ் ஓடினாலும் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடத்தைத் தொட்டுவிடும். காரணம் எளிது: நீண்ட இடைவெளியில்தான் நிறையப் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அட்டவணையை நம்பாமல், காலை நேரத்தில் நிறுத்தத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004இல் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஒரு நாளின் ஒவ்வொரு செயலையும் எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் கடைசி இடத்தில் வந்தது. வீட்டில் ஓர் அறை கூடக் கிடைக்கிறதே என்று தொலைவுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்கலாம். அறைக்குச் சில வாரங்களில் பழகிவிடுவோம், நெரிசலுக்குப் பழகுவது கடினம்.

---

பழைய குடித்தனக்காரர் எழுதியது:

பிள்ளைகளே, எல்லாம் சரி. ஊரே தெரியாமல் இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் வீட்டைச் சில மாதங்களுக்கு மட்டும் எடுங்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய முதல் வரி வாடகை அல்ல, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் போனால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. சாமான்களில் பாதியைக் கட்டு பிரிக்காமலே வைத்திருங்கள்.

---

பகலுறக்கம் எழுதியது:

ஐயா, ஒருமுறை வீடு மாறுவதற்கே முதுகு ஒடிந்துவிடுகிறது. ஓராண்டுக்குள் இரண்டு முறை என்றால் பகுதி கிடைக்கும், மனைவி கிடைப்பாரா?

---

பழைய குடித்தனக்காரர் எழுதியது:

பிடிக்காத தெருவில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

---

புதுவரவு எழுதியது:

அடுத்த மாதம் கிளம்புகிறோம், அதனால் கேட்கிறேன். அவருக்குப் பிடித்த பகுதி எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது அவருக்கு ஆகவில்லை. நீங்கள் எல்லாரும் எப்படி முடிவு செய்தீர்கள்?

---

கூடவந்தவள் எழுதியது:

இருவரும் தனித்தனியே உட்கார்ந்து, "இது இருந்தால் நான் வரமாட்டேன்" என்கிறவற்றை மட்டும் எழுதுங்கள். வேண்டும் வேண்டும் என்று எழுதினால் பட்டியல் முடியாது. மாட்டேன் என்பவை நாலைந்துக்கு மேல் போகாது. அவற்றைக் கழித்தபின் மிஞ்சுகிற பகுதிகளுக்குள், அங்கே தனியாக அதிக நேரம் இருக்கப்போகிறவர் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் வேலை தேடப்போகிறவர் என்றால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

---

இரண்டாம்நடைமேடை எழுதியது:

நாங்கள் கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பகுதியை நான் முடிவு செய்வது, அந்தப் பகுதிக்குள் எந்த வீடு என்பதை அவர் முடிவு செய்வது. பகுதியில் இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டின் படுக்கையறைச் சன்னல் மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதையும் குடித்துவிட்டு இரவெல்லாம் அனல் விடுகிறது. வீடு பார்க்க அவர் போனது காலை நேரத்தில். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.