கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த பிறகு நுரையீரல் பழுது: முன்கூட்டியே சொன்னார்களா? (அனுபவப் பகிர்வு)

களியக்காவிளைக்காரன்

அப்பாவுக்கு வலது நுரையீரலில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். கீமோவும் கரண்டும் சேர்த்து, 30 நாள், மொத்தம் 60 கிரே (கதிரின் அளவு). தினமும் விடியற்காலை கேரளா பஸ் பிடித்து திருவனந்தபுரம். இங்கே பாதிப் பேருக்கு இதே கதைதான், விடுங்கள்.

உறுத்துவது அதற்கு முன் நடந்த ஐந்து நிமிடம். டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அப்பாவின் நெஞ்சு, குறுக்கே அரிந்து வைத்தது போல, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. வி20, அதாவது நுரையீரலில் அதிகக் கதிர் வாங்கும் பங்கு, 32 சதவீதம், 35க்குள் இருக்கிறது என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே, "அச்சனு படி கேறும்போள் கிதப்புண்டோ?" படி ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்குமா என்று.

அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "இல்ல சாரே."

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படியில் அவர் நிற்பார். எனக்குத் தெரியும். சொன்னால் கரண்ட் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

முடிந்து ஒன்பதாவது வாரம் வறட்டு இருமல், லேசான காய்ச்சல். ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது கரண்ட் போன வழியிலேயே வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

எங்களுக்கு நேர்மாறு. அத்தையின் ஸ்கேனைப் பார்த்ததுமே டாக்டர் தயங்கினார். இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம் பூராவும் சின்னச் சின்ன ஓட்டை, தேன்கூடு மாதிரி. புற்றுநோய் வருவதற்கு முன்பே இருந்த தழும்பு நோயாம். "கட்டியை விட இதுக்குத்தான் பயப்படறேன், கரண்ட் பட்டா இது கிளம்பிடும்" என்றார். என் வீட்டுக்காரர், "காசு கட்ட மாட்டோம்னு தட்டிக் கழிக்கிறீங்களா?" என்று கத்திவிட்டார். அந்த டாக்டர் பதில் பேசவில்லை. படத்தைப் பெரிதாக்கி அந்த ஓட்டைகளையே காட்டிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வைக்கவில்லை. அத்தை 14 மாதம் இருந்தார். கடைசி வாரம் வரை அடுப்படிக்குத் தானே நடந்து வந்தார். வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா? இவர் இன்றும் கேட்கிறார். நான் என்ன சொல்ல.

செங்கோட்டை சித்தப்பா

களியக்காவிளைத் தம்பி, 35 என்பதைக் காம்பவுண்டுச் சுவர் போல நினைத்துவிட்டீர்கள். நுரையீரலில் 20 கிரேயோ அதற்கு மேலோ வாங்கும் பங்குதான் வி20. அது 30, 35 சதவீதத்துக்குள் இருந்தால், கரண்டால் நுரையீரலில் அழற்சி (இந்தப் பழுதுதான்) வரும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குள் அடங்கும் என்பதுதான் 2010இல் வந்த வழிகாட்டுதலின் கணக்கு. வராது என்று அதில் எங்கும் இல்லை. 2013இல் 836 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், 65 வயது தாண்டி கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் கீமோவோடு கரண்ட் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் வந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வயது என்ன, எந்த மருந்து? அதை எழுதவில்லையே.

என் அண்ணனுக்கும் வந்தது, சரியாயிற்று. ஆனால் எல்லாரும் இதைக் கேளுங்கள். முடிந்து ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை கவனம். சளியில்லாத இருமல், புதிதாக மூச்சிரைப்பு என்றால் உள்ளூர் டாக்டரிடம் முதல் வார்த்தையே "நெஞ்சுக்குக் கரண்ட் வைத்தது" என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் தாளைப் பீரோவில் பூட்டாதீர்கள். ஆக்சிமீட்டர் வாங்குங்கள், உட்கார்ந்து மட்டும் பார்க்காமல் நடந்துவிட்டும் பாருங்கள். இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் டாக்டர் சொன்னபடிதான் குறைக்க வேண்டும். அண்ணன் பாதியில் விட்டு, திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தோம். சர்க்கரையும் ஏறும். அப்புறம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஊதிப் பார்க்கும் டெஸ்டில் டிஎல்சிஓவும் (நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்ற அளவு) உண்டா என்று கேளுங்கள், அது...

கம்பம்மெட்டு

சித்தப்பா, கிளாஸ் போதும். என் மாமா நாற்பது வருஷம் பீடி. கரண்ட் முடிந்து மூன்றாம் மாதம் ஏலத்தோட்டத்தில் மேடு ஏறினார். அவரோடு அதே வாரம் ஆரம்பித்தவர், பீடியைத் தொடாத ஆள், ஆக்சிஜனோடு வீட்டுக்குப் போனார். எந்தக் கணக்கில் வரும் இது?

செங்கோட்டை சித்தப்பா

வரும். புகை பிடிப்பவர்களுக்கு இந்த அழற்சி கொஞ்சம் குறைவு என்றே சில ஆய்வுகளில் இருக்கிறது. அதற்காகப் பீடியைத் தூக்காதீர்கள், மாமாவுக்கு நோய் வந்ததே எதனால்?

களியக்காவிளைக்காரன்

அப்பாவுக்கு 68. நீங்கள் சொன்ன அதே மருந்துதான்.

ஸ்டீராய்டு ஆறாவது வாரம் ஓடுகிறது, இருமல் குறைந்திருக்கிறது. போன ரிவ்யூவில் அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவே சொன்னார், மூன்றாவது படி என்று. அந்தப் பழைய "இல்ல சாரே" பற்றி இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை. கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டு வந்துவிட்டோம்.