டாக்குமென்டேஷன் ஒன்று சொல்கிறது, லைப்ரரி வேறு செய்கிறது: திருத்தம் அனுப்புவது எப்படி?

நொய்யல்கரை (கேட்டவர்):
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாரச் சம்பளக் கணக்கு பைத்தானில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கள் முதல் சனி வரை யார் எத்தனை ஷிஃப்ட் என்று கூட்டி, சனிக்கிழமை வேலை முடிந்ததும் சீட்டு அடிக்க வேண்டும். நாட்களை எண்ண ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பு. பெயர் வேண்டாம், சும்மா செய்து கொடுப்பவர்களை ஏன் இழுக்க வேண்டும். ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்தால் நாட்களைப் பட்டியலாகத் தரும். முடிவுத் தேதியும் சேரும் என்று அதன் விளக்கக் குறிப்பான டாக்குமென்டேஷனில் எழுதியிருக்கிறது. எடுத்துக்காட்டிலும் 2024 ஜூன் 3 முதல் 8 வரை கொடுத்து, ஆறு தேதி காட்டியிருக்கிறார்கள்.

ஓட்டினால் ஐந்துதான் வருகிறது. சோதிக்காமல் நம்பியது என் தப்பு. முதல் வாரமே டெய்லர் அக்கா ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "சனிக்கிழமை ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினேனே கண்ணு, அது எங்கே?" என்றார். அன்று முழுக்கக் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தோம்.

என் பக்கம் சரிசெய்துவிட்டேன். டாக்கையும் திருத்தலாம் என்று அவர்கள் ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தில்) இருந்த ஹெச்டிஎம்எல் கோப்பில் அந்த வரியை மாற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிவிட்டார்கள். என்ன தப்புச் செய்தேன்?

ஊத்துக்குளி வெண்ணெய்:
இதற்கு எதற்குங்க இத்தனை மெனக்கெடல்? முடிவுத் தேதியோடு ஒரு நாளைக் கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

நொய்யல்கரை:
அதைத்தான் செய்திருக்கிறேன் அண்ணா. நாளைக்கு அவர்கள் டாக்கில் உள்ளபடியே நிரலை மாற்றிவிட்டால்? வேலையே செய்யாத ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் ஏறிவிடும். முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார்.

சிறுவாணி:
முதலில் வெர்ஷனைப் பாருங்க. 'பிப் ஷோ' கொடுத்தால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியும். தளத்தில் நீங்கள் படித்தது வேறு வெர்ஷனுடைய பக்கமாக இருக்கலாம். பைத்தான் ஷெல்லில் 'ஹெல்ப்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் அந்த ஃபங்ஷன் பெயரைக் கொடுங்க. உங்கள் கணினியில் உள்ள வெர்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கையே, அதாவது நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும் விளக்கத்தையே காட்டும். பாதிப் புகார் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

நொய்யல்கரை:
பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே வெர்ஷன். 'ஹெல்ப்' காட்டுவதிலும் அதே வரி, அதே ஆறு தேதி.

காலிங்கராயன்:
அப்படியானால் அடுத்த கேள்வி, தப்பு டாக்கில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா? இதைத் தீர்மானிக்காமல் எதையும் திருத்தக் கூடாது தம்பி. முடிவை எடுத்துக்கொள்வதில் ஆளுக்கொரு வழக்கம். பைத்தானின் 'ரேஞ்ச்' கடைசி எண்ணை விட்டுவிடும். அதே பைத்தானில் 'ரேண்டம்' மாட்யூலின் 'ரேண்ட்இன்ட்' கடைசி எண்ணையும் சேர்க்கும். எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியின் 'ரேண்ட்இன்ட்' சேர்க்காது. அட்டவணைகளுக்கான பாண்டாஸ் லைப்ரரியில் 'டேட் ரேஞ்ச்' இரண்டு முனையையும் சேர்க்கும். அதிலேயே வரிசையின் பெயரைச் சொல்லி 'லாக்' கொண்டு வெட்டினால் முடிவு சேரும், இட எண்ணைச் சொல்லி 'ஐலாக்' கொண்டு வெட்டினால் சேராது. எனவே "இது தப்பு" என்று நாமாகச் சொல்ல முடியாது. எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு, நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க அவர்கள் எழுதி வைத்த டெஸ்ட் கோப்பைத் திறங்க. ஐந்து நாள்தான் வர வேண்டும் என்று அங்கே இருந்தால் நிரல் சரி, டாக் தப்பு. அப்புறம் நிரலில் முடிவுத் தேதியை ஒப்பிடும் வரியில் 'கிட் பிளேம்' போட்டு, எந்தக் கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) அது மாறியது என்று பாருங்க.

நொய்யல்கரை:
அண்ணா, கிடைத்துவிட்டது! முன்பு 'சிறியது அல்லது சமம்' என்று இருந்ததை ஒரு கமிட்டில் வெறும் 'சிறியது' ஆக்கியிருக்கிறார்கள். டெஸ்டையும் கூடவே மாற்றியிருக்கிறார்கள், மாற்றங்களைக் குறித்து வைக்கும் சேஞ்ச்லாகிலும் ஒரு வரி இருக்கிறது. டாக்ஸ்ட்ரிங்கை மட்டும் யாரும் தொடவில்லை. ஆனால் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறதே, தப்பான எடுத்துக்காட்டு எப்படித் தப்பித்தது?

காலிங்கராயன்:
டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் கருவி தானாக டாக்ஸ்ட்ரிங் எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்காது. 'டாக்டெஸ்ட் மாட்யூல்ஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால்தான் ஓட்டும். உங்கள் கணினியில் அதோடு ஒருமுறை ஓட்டுங்க, "எதிர்பார்த்தது ஆறு, கிடைத்தது ஐந்து" என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அந்த வெளியீட்டை அப்படியே புல் ரிக்வெஸ்டில் ஒட்டுங்க. அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் பழையது மூடப்பட்ட காரணமும் ஓரளவு புரிகிறது. ஹெச்டிஎம்எல் என்பது, டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவி பெற்றுப் போட்ட குட்டி. அதைத் திருத்தினால், பக்கங்களை மறுபடி உருவாக்கும் அடுத்த பில்டில் அழிந்துபோகும். டாக்ஸ்ட்ரிங் இருக்கும் பைத்தான் கோப்பில்தான் கை வைக்க வேண்டும். மொத்தம் எத்தனை வரி மாறியிருந்தது?

நொய்யல்கரை:
வெட்கமாக இருக்கிறது. எடிட்டரில் இடைவெளியையும் வரியமைப்பையும் சீராக்கும் ஃபார்மேட்டர் தானாக ஓடி, முந்நூற்றுச் சொச்சம் வரி மாறிவிட்டது. அனுப்பும்போது நான் கவனிக்கவில்லை.

சிறுவாணி:
ஒரு வரித் திருத்தத்தை முந்நூறு வரிக்குள் தேடச் சொன்னால் யார் தேடுவார்கள்? மூடியதில் வியப்பில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நொய்யல்கரை:
இன்னொன்று. எனக்கு ஆங்கிலத்தில் எழுதக் கொஞ்சம் தயக்கம்.

சிறுவாணி:
நாலு வரி போதும். எந்த ஃபங்ஷன், டாக் சொல்வது என்ன, ஓட்டினால் வருவது என்ன, எந்தக் கமிட்டில் மாறியது. மன்னிப்பும் வேண்டாம், மூச்சுவிடாத பாராட்டும் வேண்டாம். அனுப்பும் முன், திருத்தம் அனுப்பும் விதிகளைச் சொல்லும் 'கான்ட்ரிபியூட்டிங்' கோப்பைப் படித்துவிடுங்க. முதலில் இஷ்யூ (பிரச்சினையைச் சொல்லும் பதிவு) திறக்கச் சொல்பவர்கள் உண்டு. பைத்தானின் சொந்த ரெப்போவில் எழுத்துப்பிழை மாதிரிச் சின்னத் திருத்தத்துக்கு இஷ்யூ கேட்கமாட்டார்கள். நம்பையில் கமிட் தலைப்பை 'டாக்' என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசல்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
நானும் ஒன்று சொல்கிறேன். உங்கள் நிரலில் "திங்கள் முதல் சனி வரை என்றால் ஆறு நாள்" என்று ஒரு டெஸ்ட் எழுதி வையுங்க. டாக் மாறினாலும் லைப்ரரி மாறினாலும் டெய்லர் அக்கா வருவதற்கு முன் அது கத்திவிடும்.

நொய்யல்கரை (ஒன்பது நாள் கழித்து):
டெஸ்ட் எழுதிவிட்டேன். புல் ரிக்வெஸ்டில் இந்த முறை இரண்டே மாற்றம்: விளக்க வரியில் "சேராது", எடுத்துக்காட்டில் 8ஆம் தேதி நீக்கம். இன்று காலை சேர்த்துவிட்டார்கள். டாக்ஸ்ட்ரிங் எடுத்துக்காட்டுகளைச் சோதிக்கும் டாக்டெஸ்டையும் இனி ஓட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தளத்தில் இன்னும் பழைய வரிதானே இருக்கிறது?

காலிங்கராயன்:
'ரீட் த டாக்ஸ்' தளம்தானே? பக்கத்தில் வெர்ஷன் பட்டியல் இருக்கும். 'ஸ்டேபிள்' என்பது கடைசியாக வெளியிட்ட வெர்ஷன். ரெப்போவில் இப்போது உள்ளதைக் காட்டும் 'லேட்டஸ்ட்' என்பதற்கு மாற்றிப் பாருங்க.

நொய்யல்கரை:
அங்கே ஐந்து தேதிதான் இருக்கிறதுங்க.