மறைதடுப்பு உலவிடம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிளானட் ஜூ என்னும், விலங்கியல் பூங்கா அமைக்கும் கணினி விளையாட்டுக்கான தமிழ் வழிகாட்டியில், வேலியோ கம்பியோ கண்ணில் படாதபடி அமைக்கும் விலங்கு இருப்பிடத்தைத் 'தடையற்ற அடைப்பு' எனக் குறிக்கலாம் என்று முன்மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். சொல் எளிமையானதுதான்; ஆயினும் ஏற்பதற்குத் தயங்குகிறேன். அதற்கு மாற்றாக 'மறைதடுப்பு உலவிடம்', அதாவது தடுப்பு மறைந்திருக்க விலங்கு உலவும் இடம், என்பதை முன்மொழிகிறேன். 'தடையற்ற சூழல்' என்னும் தொடர் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், கைப்பிடி முதலிய வசதிகளைக் குறிப்பதாக அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றுவிட்டது. 'தடையற்ற புலி அடைப்பு' என்று எழுதினால் படிப்பவர் சக்கர நாற்காலிக்கான வழியைத்தான் தேடுவார்.

இதைவிடப் பெரிய இடர் கருத்திலேயே இருக்கிறது. அத்தகைய இருப்பிடத்தில் தடை இல்லாமலில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே. கார்ல் ஹேகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் திறந்த விலங்கியல் பூங்காவில் சிங்கத்துக்கும் மக்களுக்கும் இடையே கம்பிகள் இல்லை. ஆனால் சிங்கம் தாண்ட முடியாத அகழி இருந்தது. நிற்பவரின் பார்வைக்கோட்டுக்குக் கீழே அது அமைந்ததால் சிங்கமும் அதன் பின்னே இருந்த பாறையும் ஒரே நிலக்காட்சியாகத் தோன்றின. நம் வண்டலூர்ப் பூங்காவின் திறந்தவெளி இருப்பிடங்களும் இவ்வழி வந்தவையே.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க அகழிகூட வேண்டியதில்லை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டத்தின் மேல்பாத்தியில் நின்று கீழே பார்த்தால், கேரட் வரிசை முடியும் இடத்தில் அடுத்த பாத்தியின் பச்சை தொடங்குவதுபோல் தெரியும். இடையில் ஆளுயரக் கல்கட்டு இருப்பது கீழ்ப்பாத்திக்கு இறங்கித் திரும்பிப் பார்க்கும்போதுதான் புலப்படும். விளையாட்டில் புலிக்கு இடம் அமைக்கும்போது செய்யவேண்டியதும் இதுவே: பார்வையாளர் பாதையை மேல்தட்டில் வைத்து, அதன் விளிம்பிலிருந்து நிலத்தைச் செங்குத்தாக இறக்கி, அங்கிருந்து புலி உலவும் தரையை எதிர்ப்பக்கமாக மெல்ல உயர்த்திக்கொண்டு போகவேண்டும். நம் ஊர்களில் இத்தகைய கட்டுமானத்தைத் 'தடுப்புச்சுவர்' என்கிறோம். மண் சரியாமல் தடுப்பது அது. மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி வரும் அச்சொல்லையொட்டி, 'தடை' என்பதைவிடத் 'தடுப்பு' என்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

ஆகவே, 'மறைதடுப்பு' என்பதை முன்வைக்கிறேன். இது வினைத்தொகை, மறைந்த, மறைகின்ற, மறையும் தடுப்பு என விரியும், ஆதலால் 'மறைத்தடுப்பு' என ஒற்று மிகாது. 'மறை' என்றால் வேதம் என்று கொள்ளமாட்டார்களா என ஒருவர் கேட்கக்கூடும். ஒரு பொருளை உண்டாக்கச் செலவாகி, கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீரைச் சூழலியலாளர்கள் 'மறைநீர்' என்று பல்லாண்டுகளாக எழுதிவருகிறார்கள். அதை வேதநீர் என்று யாரும் பொருள்கொண்டதாகத் தெரியவில்லை.

'அகழி உலவிடம்' என்ற மாற்றுப் பரிந்துரையும் வந்திருந்தது. தடுப்பு எப்பொருளால் ஆனது என்பதைப் பெயரில் வைப்பது சரிவராது. அது நீராகலாம், பாறையாகலாம், செங்குத்துச் சரிவாகலாம். எது தடுக்கும் என்பது விலங்கைப் பொறுத்தது. புலி நன்றாக நீந்தும், ஆகவே நீர்நிலையை மட்டும் நம்ப முடியாது. முக்குருத்தி வரையாட்டுக்கு மலைச்சரிவு தடையே இல்லை. 'வரை' என்னும் மலையே அதன் பெயரில் இருக்கிறது. மேலும் கூடலூர்ப் பக்கத்தில் 'அகழி' என்றால் தோட்டத்துக்குள் யானை வராமல் வெட்டியதுதான் நினைவுக்கு வரும். அதை மறைத்துவைக்க யாரும் முனைவதில்லை. மழை அதில் மண்ணை நிரப்புவதும், கரையை யானையே காலால் இடித்துத் தள்ளிக் கடந்துபோவதும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இனி 'அடைப்பு'. மாரடைப்பும் சாக்கடை அடைப்பும் முந்திக்கொண்டு வருவதால் அதைத் தவிர்க்கலாம். 'கூண்டு' என்பது இங்கே வனத்துறை சிறுத்தைக்கு வைப்பது. 'வாழிடம்' என்பதைப் பாடநூல்கள் இயற்கைச் சூழலுக்கென வைத்திருக்கின்றன. விளையாட்டிலும் வெப்பமண்டலக் காடு, புல்வெளி எனச் சூழல்வகை பேசவேண்டி வருமாதலால் அச்சொல்லை அதற்கே விட்டுவிடலாம். 'உலவிடம்' எனக்கு நிறைவளிக்கிறது.

முன்மடலில் ஒன்றாகக் கலந்துவிட்ட இன்னொரு கருத்தைப் பிரித்தாக வேண்டும். விளையாட்டின் வேலிப் பட்டியலில், மரவேலி, கண்ணாடி ஆகியவற்றோடு, உருவமே இல்லாத ஒரு வகையும் இருக்கிறது. அது எதையும் தடுக்காது. இக்கோட்டுக்குள் இருப்பது ஓர் உலவிடம் என்று நிரலுக்கு அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. அதைப் போட்டுவிட்டு நிலத்தைச் சரிசெய்யாமல் விட்டால் புலி நேராகப் பாதைக்கு வந்துவிடும். இதனை 'மறைதடுப்பு' என்றால் புதிதாக ஆடுபவர் ஏமாறுவார். இதற்கு 'வெற்றெல்லை' என்று தனிப்பெயர் வைக்கலாம்: வெற்றெல்லை கோடு; மறைதடுப்பு அக்கோட்டையொட்டி நாம் வெட்டியும் குவித்தும் உண்டாக்கும் நிலவடிவம். 'வெற்றெல்லை இட்டபின் மறைதடுப்பைச் சுற்றிலும் முடித்து, அதன்பிறகே விலங்கை இறக்குக' என்று வழிகாட்டியில் எழுதினால் வரிசை குழம்பாது.

விலங்கு எட்டக்கூடிய தரையை வண்ணமிட்டுக் காட்டும் வசதிக்குத் தாங்கள் தந்த 'நடமாடும் பரப்பு', பரப்பே நடமாடுவதுபோல் ஒலிக்கிறது. 'செல்பரப்பு' என்று சுருக்கலாமா? வண்ணம் கோட்டுக்கு வெளியே கசிந்திருந்தால் மறைதடுப்பில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். ஆடுபவர் அடிக்கடி திறக்கும் பொத்தான் என்பதால் குறுஞ்சொல்லே நல்லது. 'செல்' என்றதும் கைப்பேசி நினைவு வரும் என்று மறுப்போர் இருந்தால், 'எட்டுபரப்பு' என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.