கோவையில் மாதாந்திர கேம் டெவலப்பர் சந்திப்பு: எதை மாத்தணும், எங்க சொதப்பும்?

கொங்கு_பிக்சல்:

வணக்கமுங்க. கோவையில கேம் பண்றவங்களுக்கு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சந்திப்பு ஆரம்பிக்கலாம்னு நாலு பேர் சேர்ந்திருக்கோம். 30 பேர் எதிர்பார்க்கிறோம். பாதி கல்லூரிப் பசங்க. மீதி, ஐடி வேலைக்குப் போயிட்டு ராத்திரியில கேம் பண்றவங்களும், அவுட்சோர்சிங் ஸ்டூடியோக்கள்ல (மத்த கம்பெனி கேமுக்கு வேலை செஞ்சு கொடுக்கிற இடம்) ஆர்ட், டெஸ்டிங் பார்க்கிறவங்களும். கேம் பண்ற மென்பொருள்ல யூனிட்டி, கோடாட் ரெண்டும் உண்டு. மொபைல் கேம்தான் அதிகம்.

இப்ப இருக்கிற திட்டம்: 3 மணி நேரம், மூணு பேச்சு, கடைசி அரைமணி நேரம் டெமோ. பீளமேடு பக்கம் ஒரு கல்லூரி செமினார் ஹாலும், அவினாசி ரோட்டுல ஒரு கோ-ஒர்க்கிங் இடமும் கேட்டு வெச்சிருக்கோம். புரொஜெக்டர் ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு, டீ போட கெட்டில் ஒண்ணு கையில இருக்கு. நடத்திப் பழகினவங்க சொல்லுங்க.

ஏழாம்_மேசை:

திட்டத்தைத் தலைகீழா மாத்துங்க. பேச்சு கேட்க யூட்யூப் போதும். முடிக்காத கேமை முன்பின் தெரியாத ஒருத்தர் கையில கொடுத்துட்டு, அவர் எங்க முழிக்கிறார்னு பக்கத்துல நின்னு பார்க்கிறது மட்டும் வீட்டுல உட்கார்ந்தா கிடைக்காது. ஒரே பேச்சு, 20 நிமிஷம், 10 நிமிஷம் கேள்வி. மிச்ச நேரமெல்லாம் மேசையில கேமை ஆடிப் பார்க்கிறதுதான்.

30 பேருக்கு 6 மேசை சரியா இருக்கும், மேசைக்கு ஒரு கேம், சுற்றுக்கு ஒரு ஆள். ஒரு சுற்று 15 நிமிஷம்: 10 நிமிஷம் ஆட, 3 நிமிஷம் பேச, 2 நிமிஷம் இடம் மாற. ஒன்றரை மணி நேரத்துல 6 சுற்று, மொத்தம் 36 ஆட்டம். கேம் கொண்டுவந்த 6 பேர் போக 24 பேர்ங்கிறதால ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேமாவது கிடைச்சிடும், சிலருக்கு ரெண்டு. நாலாவது சுற்றுல மட்டும் மேசைக்காரங்களை, அதாவது கேம் கொண்டுவந்தவங்களை, எழுப்பி அடுத்த மேசையில உட்கார வைங்க. அந்தச் சுற்றுக்குக் குறிப்பெடுக்க ஆள் இருக்காது, போகட்டும். அதைச் செய்யலைன்னா ஒரு டெவலப்பர் இன்னொரு டெவலப்பர் கேமைத் தொடாமலே வீட்டுக்குப் போயிடுவார்.

மேசைக்காரருக்கு ஒரே சட்டம்: வாயைத் திறக்கக் கூடாது. "அங்க இல்லீங்க, அந்தக் கதவு" என்று சொன்ன நிமிஷமே அந்தச் சோதனை வீண். ஆடுறவர் ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல சுத்தினா, "இப்ப என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்கலாம். அவர் சொல்ற பதிலை அப்படியே எழுதிக்கணும், திருத்தக் கூடாது.

கருத்துத் தாள்ல மூணு கேள்விக்கு மேல வேண்டாம். எங்க குழம்பினீங்க? எங்க சலிச்சுது? இந்தக் கேம்ல என்ன செய்யணும்னு ஒரு வரியில எழுதுங்க. மூணாவதுதான் தங்கம். கேம் பண்ணினவர் மனசுல இருக்கிறதும் ஆடினவர் எழுதுறதும் வேற வேறயா இருந்தா, டுட்டோரியல்ல (எப்படி ஆடணும்னு கத்துக்கொடுக்கிற பகுதி) ஓட்டை. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கவே கேட்காதீங்க. நம்மூர்ல முகத்துக்கு நேரா இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

பில்டு (ஆடுறதுக்குத் தயாரான கேம் ஃபைல்) விஷயத்துல ஒண்ணு. ஒவ்வொரு ஆளுக்கும் கேம் முதல்ல இருந்து தொடங்கணும். யூனிட்டியோட பிளேயர்பிரெஃப்ஸ் என்கிற வசதியில சேவ் பண்ணியிருந்தா, விண்டோஸ்ல அது கேம் ஃபோல்டர்ல இல்லாம ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட சொந்தப் பதிவேடு) போய் உட்கார்ந்திருக்கும். கேம் ஃபோல்டரை அழிச்சுட்டுப் புதுசா வெச்சாலும் பழைய ஆள் விட்ட லெவல்ல இருந்துதான் தொடங்கும். சேவ் எல்லாத்தையும் அழிக்கிற டெலிட்ஆல் கட்டளையைக் கூப்பிடுற ஒரு ரகசிய பட்டனை டெமோ பில்டுல வெச்சிடுங்க. கோடாட்காரங்க யூசர் பாதையில (user:// ஃபோல்டர்) இருக்கிற சேவ் ஃபைலை அழிச்சா போதும்.

ஒயர்_ராசா:

மேல சொன்னதுல மாற்றுக்கருத்து இல்லை. ஆனா 6 மேசை என்றாலே கரண்ட் கணக்கு போட்டாகணும், அதை யாரும் போடுறதில்லை.

கேமிங் லேப்டாப் சார்ஜர் ஒண்ணு 180 முதல் 240 வாட் வரை இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டுல 1380 வாட். ஒரு பாக்ஸுக்கு நாலு லேப்டாப் தாங்கும், அதுக்கு மேல போகாதீங்க. அந்தக் கெட்டில் 1500 வாட்டா இருந்தா அது ஒண்ணே ஆறரை ஆம்பியர். அதே லைன்ல சொருகினா டிரிப் ஆகி புரொஜெக்டரோட சேர்ந்து எல்லாம் படுத்துடும். டீயை வெளியில சொல்லி வாங்குங்க. 30 பேருக்குத் தலைக்கு 100 மில்லி என்றாலும் 3 லிட்டர். ரெண்டாவது தடவை கேட்கிறவங்களையும் சேர்த்தா 5 லிட்டர் ஃபிளாஸ்க் ஒண்ணு சரியா இருக்கும்.

சில கேமிங் லேப்டாப் சார்ஜர் பருமனான 16 ஆம்பியர் பிளக்கோட வரும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏறாது. கன்வர்ட்டர் பிளக் ரெண்டு பையில இருக்கட்டும். கூடவே: யூஎஸ்பி-சி டு எச்டிஎம்ஐ அடாப்டர் ஒண்ணு, 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணு, கன்ட்ரோலருக்கு யூஎஸ்பி கேபிள் நாலு, தரையில ஒயரை ஒட்ட அகலமான டேப் ஒரு சுருள். கன்ட்ரோலரை புளூடூத்துல விடாதீங்க. ஒரே ஹால்ல ஆறேழு கன்ட்ரோலர், முப்பது போன், வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மோதினா பட்டன் தாமதமா வரும். ஆடுறவர் கேம் மேல பழி போடுவார். ஹெட்ஃபோனும் ஒயர் வெச்சது. ஆறு கேம் சத்தம் ஒரே ஹால்ல ஓடினா சந்தைக்கடைதான்.

புரொஜெக்டர்ல ஆட வைக்காதீங்க. பல புரொஜெக்டர்ல படம் கொஞ்சம் தாமதமாத்தான் விழும், குதிக்கிற கேம் என்றால் உடனே தெரியும். ஆடுறவர் லேப்டாப் திரையைப் பார்க்கட்டும், புரொஜெக்டர் கூட்டத்துக்கு. எச்டிஎம்ஐ சொருகினதும் சத்தம் புரொஜெக்டரோட குட்டி ஸ்பீக்கருக்குப் போயிடும். சவுண்டு செட்டிங்ல அவுட்புட்டை மாத்தணும். 3.5 மி.மீ. ஒயர்ல ஹால் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்போது "ங்ங்ங்" என்று இரைச்சல் வந்தா பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர் வழியா வர்ற எர்த் கோளாறு. சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. நின்னுதுன்னா பேச்சு முடியிற வரை பேட்டரியில ஓட்டுங்க.

மொபைல் கேமைப் பெரிய திரையில காட்ட வைஃபை காஸ்டிங்கை நம்பாதீங்க. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில சொருகி, எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்கிற இலவச மென்பொருளை லேப்டாப்புல ஓட்டுங்க. போன்ல டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணணும். அந்த லேப்டாப்பை அனுமதிக்கவான்னு போன் கேட்கும்போது சரி சொல்லணும், இல்லைன்னா எதுவும் வராது. அதே பக்கத்துல "ஷோ டேப்ஸ்" இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. விரல் எங்க படுதுன்னு வெள்ளைப் புள்ளியாத் தெரியும். ஆடுறவர் பட்டனைத் தவறவிடுறாரா, பட்டனே அவர் கண்ணுல படலையான்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.

உயிர்மெய்_247:

ஏழாம்_மேசை பேச்சைக் கொஞ்சம் மட்டமாத்தான் நினைக்கிறார். யூட்யூப்ல கிடைக்காத பேச்சும் உண்டு. "கேம் டிசைன் என்றால் என்ன" மாதிரி தலைப்பு வேண்டாம் என்பது சரி. ஒரே ஒரு சிக்கல், அது ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று 20 நிமிஷம் பேசினால் ஹால் அமைதியா கேட்கும்.

உதாரணத்துக்குத் தமிழ் எழுத்து. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் தமிழ் ஃபாண்ட் சேர்த்து "கொய்யா" என்று போட்டால், கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் எழுத்து உடைந்து நிற்கும். ஃபாண்ட் கெட்டுப்போச்சு என்று நினைத்து நாள்கணக்கில் ஃபாண்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிரச்சினை ஃபாண்டில் இல்லை. தமிழில் கெ, கே, கை, கொ எல்லாம் கணினியில் க-வுக்குப் பிறகுதான் குறி சேமிக்கப்படும், காட்டும்போதுதான் அதை முன்னால் நகர்த்த வேண்டும். அந்த வேலையை டெக்ஸ்ட்மெஷ்புரோ செய்யாது. கோடாட் 4, எழுத்தை அடுக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு அதைச் சரியாகச் செய்கிறது, கோடாட் 3 செய்யாது. யூனிட்டிக்காரர்கள் குறிகளை முன்னால் தள்ளிப்போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம், அல்லது மாறாத தலைப்புகளைப் படமாக வைத்துவிடலாம். சோதிக்க "கொய்யா கௌதாரி யானை ஸ்ரீ" என்ற ஒரு வரி போதும். இதை மேடையில் நேரடியாக உடைத்துக் காட்டி, பிறகு சரிசெய்து காட்டினால் அதுதான் பேச்சு. தமிழ்நாட்டில் கேம் பண்ணுபவர்களுக்கு இதை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில. எடிட்டரின் கறுப்புத் தீம் விளக்கு எரியும் ஹாலில் சேறு மாதிரி தெரியும், வெளிறிய தீமுக்கு மாறச் சொல்லுங்கள். கோடாட்டில் எடிட்டர் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே ஸ்கேலை 150 சதவீதம் ஆக்கினால் பின்வரிசைக்கும் தெரியும். ஸ்லைடில் நிரல் (code) போட்டால் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. நேரடியாகக் காட்டப்போவதை எல்லாம் ஒரு நிமிட வீடியோவாகவும் பதிவு செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், வீடியோ கையில் இருக்கும் நாளில் டெமோ சரியாக ஓடும்.

அவுட்சோர்சிங் ஸ்டூடியோவில் இருப்பவர்களை மேடையேற்றும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள். அவர்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம், வெளிவராத கேமை மட்டுமில்லாமல் வெளிவந்த கேமில் அவர்கள் செய்த வேலையைச் சொல்வதையும் தடுக்கலாம். எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால், வார இறுதியில் சொந்தமாகச் செய்ததைக் காட்டட்டும். டூல், முறை பற்றிப் பேசலாம், ஆனால் அலுவலகத்து மாடலைத் திறக்கக் கூடாது. வீடியோ பதிவுக்கும் போட்டோவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கொங்கு_பிக்சல்:

ரொம்ப நன்றிங்க. கெட்டிலைத் தூக்கியாச்சு. ஒரே பேச்சுன்னு மாத்திட்டோம், தமிழ் எழுத்துத் தலைப்பையே முதல் மாசத்துக்கு எடுத்துக்கிறோம். இடந்தான் இன்னும் முடிவாகலை. கல்லூரி ஹால் காசில்லாமக் கிடைக்குது, கோ-ஒர்க்கிங்ல வாடகை கேட்கிறாங்க. காசில்லாத இடத்தை விட மனசு வரலீங்க.

ஏழாம்_மேசை:

காசில்லைன்னு எடுத்தா வேற விதத்துல கொடுக்கணும். கல்லூரியில முதல்ல நெட். ஃபயர்வால்ல "கேம்ஸ்" என்கிற வகையையே மொத்தமா அடைச்சிருப்பாங்க. கேம் இறக்கிக்கிற இட்ச் ஐஓ, ஸ்டீம் ரெண்டு தளமும் திறக்காது. ரெண்டாவது, லேப் கம்ப்யூட்டர்ல அட்மின் உரிமை கிடைக்காது, எதையும் நிறுவ முடியாது. மூணாவது கேட்டு. வெளியாள் பட்டியலை ரெண்டு நாள் முன்னாடியே துறைத்தலைவர் கையெழுத்தோட செக்யூரிட்டிகிட்ட கொடுக்கணும், இல்லைன்னா பாதிப்பேர் கேட்டுலயே நிற்பாங்க. கடைசி நேரத்துல "நானும் வரலாமா"ன்னு கேட்கிறவங்களை உள்ள கொண்டுவர வழியே இல்லை. முதல் ரெண்டு மாசம் கோ-ஒர்க்கிங்ல வெச்சுப் பாருங்க, ஆள் எண்ணிக்கை பிடிபட்டதும் கல்லூரிக்கு மாறலாம்.

இன்னொண்ணு, பதிவு இலவசம் என்றால் 30 பேர் வரணும்னா 50 பேர் பதிஞ்சிருக்கணும். தலைக்கு 50 ரூபாய் வாங்கி டீ, வடைக்குச் செலவு பண்ணினா வர்றவங்க நிச்சயமா வருவாங்க. 3:30-க்குத் தொடங்கி 6:30-க்கு முடிங்க. பொள்ளாச்சிக்காரங்க உக்கடம் போய் பஸ் ஏறணும், ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு உள்ள போற நேரம் இருக்கும். 8 மணி வரை இழுத்தா அடுத்த மாசம் அவங்க வர மாட்டாங்க.

ஒயர்_ராசா:

எங்க வெச்சாலும் நெட் இல்லைன்னு நினைச்சே தயாராகுங்க. பில்டை எல்லாம் முந்தின நாள் ராத்திரிக்குள்ள வாங்கி பென்டிரைவ்ல வைங்க. ஜிப்பைப் பிரிக்காம உள்ள இருக்கிற எக்ஸ்இ ஃபைலை ரெட்டைக் கிளிக் பண்ணி, "யூனிட்டிபிளேயர் டிஎல்எல் இல்லை" என்று வர்றதைப் பார்த்து கேம் ஓடலைன்னு சொல்றவங்க ஒவ்வொரு தடவையும் இருப்பாங்க. ஃபோல்டர் மொத்தத்தையும் பிரிச்சு டெஸ்க்டாப்புல வெச்சு, ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பார்க்கணும். கோடாட்ல பிசிகே ஃபைலை (கேமோட படம், சத்தம் எல்லாம் இருக்கிற ஃபைல்) தனியா எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா அதுவும் பக்கத்துலயே இருக்கணும். விண்டோஸ் நீலப் பெட்டியில தடுத்தா "மோர் இன்ஃபோ" அழுத்தினாத்தான் "ரன் எனிவே" பட்டன் வரும்.

உயிர்மெய்_247:

மொபைல் கேம் அதிகம் என்று சொன்னதால் இது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகுள் பிளே கணக்கென்றால், கேமை வெளியிட அனுமதி கேட்பதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் கேமை இறக்கிப் பார்ப்பது) இருக்க வேண்டும் (முதலில் 20 பேர் என்று இருந்தது). வாசலில் ஒரு தாள் வையுங்கள்: யாருக்கு ஆள் வேண்டும், யார் சேரத் தயார். சேர்பவர் ஜிமெயில் முகவரியை எழுத வேண்டும். அந்தத் தாளை யாரும் போட்டோ எடுத்து குரூப்பில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் விலகினால் எண்ணிக்கை 12-க்குக் கீழே போய்விடும், அதனால் 15 பேராவது சேர்ப்பது நல்லது. அடுத்த மாதச் சந்திப்பு வரும்போது 14 நாள் முடிந்திருக்கும்.

கொங்கு_பிக்சல்:

அந்தத் தாள் யோசனை அருமைங்க. கோ-ஒர்க்கிங் இடத்தை உறுதி பண்ணியாச்சு. 6 மேசைக்கு 4 கேம் வந்திருக்கு, ரெண்டு மேசை காலி. யாராவது கொண்டு வர்றீங்களா?