மேல்தெரு குடும்பங்கள், கோத்தகிரி

சனி, இரவு 8.12

சாந்தி அக்கா: நேற்று கடைசி பஸ்ஸில் நடந்ததைக் கீர்த்தனா சொன்னாள். அந்தப் பிள்ளை யார் என்று யாரும் கேட்க வேண்டாம். பிரவீன், நீயும் வண்டியில் இருந்தாயாமே?

பிரவீன்: இருந்தேன் அக்கா. பின்சீட்டில் எங்கள் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், நல்ல போதை. ஒருவன் எழுந்து போய் முதலாமாண்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தள்ளிப் போகச் சொல்லியும் நகரவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரே மேகம், பார்க்க ஒன்றுமே இல்லை.

பிரவீன்: கீர்த்தனா முன்சீட்டிலிருந்து, "ஏய், என் ரெக்கார்டு நோட்டு உன்கிட்டதானே இருக்கு, எடுத்துக்கிட்டு இங்க வா" என்று கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கமே இல்லை. அந்தப் பெண் புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

போஜன் மாமா: பெண் பிள்ளைகள் ஆறு மணிக்குள் வீடு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே அம்மா.

கீர்த்தனா: மாமா, லேப் முடியவே நாலரை ஆகிறது. மழையில் ஒரு மரம் சாய்ந்தால் குன்னூர் ரோட்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா? குடித்தது அவன். நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்வது மட்டும் எங்களையா?

மூர்த்தி அண்ணன்: 21 வயது ஆகாதவர்களுக்குக் கடையில் மது கொடுக்கக் கூடாது. ஆனால் பெரியவர்கள் யாராவது வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-ல் நம் மாவட்டத்தில் கொண்டுவந்தார்கள். நான் வண்டி ஓட்டும் ரூட்டில் உடைந்த கண்ணாடி குறைந்திருக்கிறது, யானை காலுக்கு நல்லது. குடி குறைந்த மாதிரி தெரியவில்லை.

பிரவீன்: வருஷா வருஷம் ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் அன்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறோம். அதோடு சரி. யார் எந்த அறையில் குடிக்கிறான், குடித்தால் யாரிடம் வம்புக்குப் போவான் என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். ஆசிரியருக்கோ போலீசுக்கோ தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் எங்களைத்தான் முதலில் பழக்க வேண்டும். நேற்று கீர்த்தனா செய்ததை எத்தனை பேருக்குச் செய்யத் தெரியும்? எனக்கே அவள் கூப்பிட்ட பிறகுதான் கால் நகர்ந்தது.

கீர்த்தனா: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிப்படி, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க எல்லாக் கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூன்று பேர் அதில் உட்கார வேண்டும். எங்கள் வகுப்பில் கேட்டேன், பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சாந்தி அக்கா: முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், பையன்களும் கேட்டுக்கொள்ளுங்கள். போதையில் என்ன நடக்கிறதென்றே புரியாத நிலையில் ஒரு பெண் சரி என்றாலும் அது சம்மதம் ஆகாது. இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "குடித்திருந்தேன், தெரியவில்லை" என்று தானாகக் குடித்தவன் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏதாவது நடந்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும், எஃப்ஐஆர் கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடுப்பைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், அது சாட்சி. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண்கள் உதவி எண் 181, இரவும் பகலும் எடுப்பார்கள். "நீ ஏன் அங்கே போனாய்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வாயைத் திறக்காமலே போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

போஜன் மாமா: நான் கேட்டதும் அந்தக் கேள்விதான் போலிருக்கிறது. தப்புதான் அம்மா. அந்தப் பையன்?

பிரவீன்: காலையில் அவன் அறைக்குப் போனேன் மாமா. நினைவே இல்லை என்றான். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜன்னல் கம்பியைச் சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டான். வாரத்தில் நாலு நாள் குடிக்கிறானாம்.

சாந்தி அக்கா: 14446-க்கு அவனையே பேசச் சொல். போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். அதற்காக அந்தப் பிள்ளை புகார் கொடுத்தால் யாரும் தடுக்கக் கூடாது. கொடுப்பதும் விடுவதும் அவள் முடிவு.

கீர்த்தனா: நாளை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்காரலாமா? பையன்கள் கட்டாயம் வர வேண்டும். பஸ்ஸில், ஹாஸ்டலில், பிறந்தநாள் பார்ட்டியில் என்ன செய்வது என்று நடித்தே பார்க்கலாம்.

பிரவீன்: என்எஸ்எஸ் பையன்கள் எட்டுப் பேரைக் கூட்டி வருகிறேன்.

மூர்த்தி அண்ணன்: நானும் வருகிறேன். இனி கடைசி வண்டியில் உள்லைட்டை அணைக்க மாட்டேன். தூங்குகிறோம் என்று யாரும் திட்ட வேண்டாம்.

போஜன் மாமா: மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. மூன்றரைக்கே திறந்து வைக்கிறேன்.