அடைப்புக்குறியின் உயரத்தை முடிவு செய்வது யார்: டெக்கா, கோப்பவரா?

கோப்பாளர் · செவ்வாய், இரவு 9.10

சென்னையில் 14 வருடமாக வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கணிதப் பக்கம் கோக்கிறேன். ஆசிரியர்களிடம் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: கண்ணில் படும் அடைப்புக்கெல்லாம் லெஃப்ட்–ரைட் போடாதீர்கள். உள்ளே இருப்பதை அளந்து அடைப்பின் உயரத்தை டெக்கே முடிவு செய்ய விடும் கட்டளை அது.

இன்று மாலை வந்த வரி இது. அடைப்புக்குள் ஒரு சிக்மா. மேல் எல்லை எம், கீழ் எல்லை ஐ = 1. அடைப்புக்கு வெளியே வர்க்கம். டிஸ்ப்ளே கணிதம், அதாவது தனி வரியில் நிற்கும் சமன்பாடு; எழுத்துரு 10 பாயின்ட் கம்ப்யூட்டர் மாடர்ன். லெஃப்ட்–ரைட் போட்டதால் அடைப்பு 30 பாயின்ட்டுக்கு எழுந்து நிற்கிறது. வர்க்கத்தின் 2 அதன் உச்சியில் ஏறி, சிக்மாவோடு உறவே இல்லாததுபோல் தனியாக மிதக்கிறது. அதை எடுத்துவிட்டு, உயரத்தை நாமே சொல்லும் பிக் கட்டளையால் 24 பாயின்ட் போட்டேன். கீழ் எல்லை மட்டும் அடைப்பின் அடியைத் தாண்டி ஒரு நூல் வெளியே தெரிகிறது. அப்படித் தெரிந்தால் குற்றமில்லை. அடைப்பு அணைக்க வேண்டியது சிக்மாவை. அதன் காலடியில் இருக்கும் பொடி எழுத்தை அல்ல.

இது என் சொந்த ரசனை இல்லை. டெக்கை உருவாக்கிய டொனால்ட் குனூத், அதன் கையேடான டெக்புக்கின் 17ஆம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார்: லெஃப்ட்–ரைட் சில இடங்களில் வேண்டியதைவிடச் சிறிதாக எடுக்கும், டிஸ்ப்ளேயில் பெரிய குறியைச் சுற்றினால் வேண்டியதைவிடப் பெரிதாக எடுக்கும், சமன்பாட்டை இரண்டு வரியாக உடைத்தால் முதல் வரியில் லெஃப்டும் அடுத்த வரியில் ரைட்டும் போட முடியாது. பிக் கட்டளைகள் இதற்காகத்தான் இருக்கின்றன.

கணக்கு டீச்சர் · செவ்வாய், இரவு 9.42

உங்கள் கண்ணுக்கு மரியாதை உண்டு சார். ஆனால் இது ஒரு வரிக்கு அரை மணி நேரம் செலவிட முடிகிறவர்களின் அறிவுரை.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து +2 மாதிரி வினாத்தாள் தயாரிக்கிறோம். பிக் என்று விட்டால் நான்கு பேரும் நான்கு அளவு போடுவோம். அதைவிடப் பெரிய தொல்லை, வினாக்கள் கடைசி இரவு வரை மாறுவது. போன வருடம் ஒரு வினாவில் அடைப்புக்குள் வெறும் எக்ஸ் இருந்தது. ஒருவர் கையால் சின்ன பிக் போட்டிருந்தார். வினா எளிதாக இருக்கிறது என்று இன்னொருவர் எக்ஸை எடுத்துவிட்டுப் பின்னம் வைத்தார். அடைப்பு அப்படியே நின்றுவிட்டது. பின்னத்தின் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் துருத்திக்கொண்டு அச்சாகி வந்தது. வர்க்கம் முழுப் பின்னத்துக்கா, தொகுதிக்கு மட்டுமா என்று தேர்வறையிலேயே இரண்டு பிள்ளைகள் கேட்டார்கள். லெஃப்ட்–ரைட் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அடைப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். சிறிதாக இருந்தால் பொருளே கெடும். நான் எப்போதும் பெரிய பக்கமே சாய்வேன்.

ஆய்வு மாணவன் · செவ்வாய், இரவு 10.05

டீச்சர், ஆட்டோ, அதாவது லெஃப்ட்–ரைட், சிறிதாகவும் எடுக்கும். (அ + ஆ)(இ + ஈ) என்பதைச் சுற்றி இன்னொரு லெஃப்ட்–ரைட் போட்டுப் பாருங்கள். உள்ளே 10 பாயின்ட் அடைப்பு, வெளியேயும் அதே 10 பாயின்ட். எது எதை மூடுகிறது என்று விரல் வைத்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் ஆய்வேட்டில் முகப்பிலேயே, உள்ளே இருப்பதைவிட அடைப்பு எவ்வளவு குறையலாம் என்று சொல்லும் டெலிமிட்டர்ஷார்ட்ஃபாலை மைனஸ் 1 பாயின்ட் ஆக்கிவிட்டேன். வெளி அடைப்பு உள் அடைப்பைவிடக் குறைந்தது 1 பாயின்ட்டாவது உயரமாக வரும். கையால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கோப்பாளர் · செவ்வாய், இரவு 10.50

தம்பி, அதை மூன்று நான்கு அடுக்குக்கு ஓட்டிப் பார்த்தீர்களா? அடுத்த அளவு 11 பாயின்ட்டில் இல்லை. கம்ப்யூட்டர் மாடர்னில் சாதாரண அடைப்பு 10; அதற்கு மேல் 12, 18, 24, 30. உங்கள் மைனஸ் 1 முதல் சுற்றில் 12 தரும், நன்றாக இருக்கும். இரண்டாவது சுற்றில் 13 கேட்கும், 18 வரும். மூன்றாவதில் 24. பத்தி நடுவே 24 பாயின்ட் அடைப்பு வந்தால் அந்த வரி மட்டும் மேலும் கீழும் இடம் பிடித்து, பக்கத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

டீச்சர், என் சிக்மாவுக்கு 30 எப்படி வந்தது என்று பாருங்கள். டெக் கணித அச்சிலிருந்து (பின்னக்கோடு நிற்கும் நடுக்கோடு) மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து, இரண்டில் பெரியதை இரட்டிப்பாக்கும். இங்கே அது ஏறத்தாழ 28.5 பாயின்ட். அடைப்பு அதில் 1000க்கு 901 பங்காவது இருக்க வேண்டும், 5 பாயின்ட்டுக்கு மேல் குறையவும் கூடாது. கணக்குப் போட்டால் 26க்குக் கொஞ்சம் கீழே. 24ஆல் அதைத் தொட முடியவில்லை, அடுத்தது 30. இரண்டு பாயின்ட்டுக்கும் குறைவான பற்றாக்குறைக்கு ஆறு பாயின்ட் தாவல்! 901ஐ 820 ஆக்கினால் இந்த வரிக்கு 24 வந்துவிடும். ஆனால் அது ஆவணம் முழுவதும் பாயும். வேறெங்கோ ஒரு பின்னத்துக்கு அடைப்பு குட்டையாகிவிடும். எண்ணை மாற்றுவது தீர்வே இல்லை. வரியைப் பார்த்து முடிவெடுப்பதுதான் தீர்வு.

இன்னொன்று, சைனுக்குப் பின்னால் லெஃப்ட்–ரைட் போட்டால் நடுவில் மெல்லிய இடைவெளி விழும். டெக் அந்த முழுக் கட்டையும் உள்கோவை என்ற தனி வகையாக நடத்துவதால் வருவது அது. அந்த இடைவெளியை நீக்க எம்லெஃப்ட்ரைட் தொகுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. போடுகிறவர்கள்தான் இல்லை.

எழுத்துரு வரைபவன் · புதன், காலை 7.20

கோப்பாளர் அண்ணா சொன்ன அந்த ஆறு பாயின்ட் தாவலில்தான் விஷயமே இருக்கிறது. அது டெக்கின் விதி இல்லை, எழுத்துருவில் எத்தனை அடைப்பு வரைந்து வைத்திருக்கிறோம் என்பது. எழுத்துருவின் அளவுகளை டெக்குக்குச் சொல்லும் பழைய டிஎஃப்எம் கோப்பில் ஓர் எழுத்துருவுக்கு 16 உயரம், 16 ஆழம்தான் வைக்க முடியும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் குனூத் அடுக்கியவை இவை.

2007 ஆஃபீஸோடு கேம்ப்ரியா மேத் எழுத்துரு வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் மேத் அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. அதில் ஓர் அடைப்புக்கு எத்தனை உயர வடிவம் வேண்டுமானாலும் வரையலாம். மென்பொருள் வரிசையாகப் பார்த்து, போதுமான முதல் வடிவத்தை எடுக்கும். எதுவும் போதவில்லை என்றால் துண்டுகளை ஒட்டும்: மேல் வளைவு, கீழ் வளைவு, நடுவில் திரும்பத் திரும்ப வரும் நேர்த்துண்டு. டெக்கின் பழைய முறையில் துண்டுகள் முனையோடு முனை சேரும், உயரம் படிப்படியாகத்தான் ஏறும். ஓப்பன்டைப்பில் ஒரு துண்டு இன்னொன்றின் மேல் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு கொடுக்கிறோம். அந்த ஏற்றத்தைக் கூட்டிக் குறைத்து இடைப்பட்ட எந்த உயரத்தையும் எட்டலாம். திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போது ஒட்டுவாயில் மயிரிழை தெரியுமே, அதுவும் இதில் மறையும்.

ஒரே வடிவத்தை இழுத்து நீட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்காக: பிறை அடைப்பை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதன் வயிறும் மூன்று மடங்கு தடிக்கும், பக்கத்தில் நிற்கும் பின்னக்கோடு நூலாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வோர் உயரத்துக்கும் தனியாக வரைகிறோம். வயிற்றின் தடிப்பை மிக மெதுவாகக் கூட்டி, நுனியைக் கூட்டாமல் விட வேண்டும். ஒரு எழுத்துருவில் பிறை அடைப்புக்கு மட்டுமே நான் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கோப்பாளர் அண்ணாவோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். உங்கள் 24 பாயின்ட் கம்ப்யூட்டர் மாடர்னுக்குச் சரி. அதே கோப்பை இதழ் நாளை ஸ்டிக்ஸ் டூ எழுத்துருவில் போட்டால் நீங்கள் கையால் வைத்த பிக் வேறு வடிவத்தில் போய் நிற்கும். கட்டுரை இணையத்தில், மேத்எம்எல் என்ற கணிதக் குறிமொழியில் வெளிவந்தால் இன்னும் மோசம். க்ரோம் 2023 ஜனவரியில், 109ஆம் பதிப்பில் மேத்எம்எல்லை ஏற்றுக்கொண்டது. படிப்பவர் எந்த எழுத்துருவில் படிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. கையளவு அங்கே உறைந்த எண்ணாகப் போகும்.

கோப்பாளர் · புதன், காலை 8.15

இணையப் பக்கத்துக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் தம்பி, அங்கே என் 24க்குப் பொருள் இல்லை. அச்சுக்குப் போகும் பிடிஎஃபில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடிவம் நூறு இருந்தாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. தொடர் பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றின் கீழ் ஒன்று கூட்டல் ஒன்றின் கீழ் என்று நான்கு படி இறங்குகிறது. மேலே இருப்பது ஒற்றை 1. அடைப்பு அச்சை நடுவாக வைத்துத்தான் வளரும். ஆகவே கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மேலேயும் ஏறி, 1க்கு மேல் ஓர் அறை அளவு வெள்ளையை அணைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் எழுத்துரு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அந்த வெற்றிடத்தையும் நுணுக்கமாகவே அணைக்கும். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

எழுத்துரு வரைபவன் · புதன், காலை 8.31

மேத்எம்எல்லில் சிமெட்ரிக் என்ற பண்பை அணைத்தால் அச்சை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதன் உயரத்துக்கே அடைப்பு நிற்கும். ஆனால் அங்கேயும் அணைப்பது ஒரு மனிதர்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆய்வு மாணவன் · புதன், மதியம் 1.05

மைனஸ் 1ஐ எடுத்துவிட்டேன் அண்ணா. எட்டாவது பக்கத்தில் நீங்கள் சொன்ன ஓட்டை நிஜமாகவே இருந்தது. இப்போது மேத்டூல்ஸ் தொகுப்பில் நார்முக்கும் (‖ ‖) மட்டுக்கும் (| |) ஆளுக்கொரு கட்டளை எழுதியிருக்கிறேன். நட்சத்திரம் போட்டால் ஆட்டோ, அளவு சொன்னால் அந்த அளவு, ஒன்றும் சொல்லாவிட்டால் சாதாரணம். டீச்சர், நான்கு பேர் எழுதும் வினாத்தாளுக்கும் இது உதவும்.

கணக்கு டீச்சர் · புதன், இரவு 9.55

எழுதும்போது எல்லோரும் நட்சத்திரம் போடுவோம் தம்பி, அதில் நான் மாற மாட்டேன். அச்சுக்கு அனுப்பும் இரவு, வினா இனி மாறாது என்று ஆன பிறகு, ஒருவர் மட்டும் உட்கார்ந்து சிக்மா இருக்கும் வரிகளைக் கையால் திருத்துவது என்று இன்று பேசி முடித்தோம். இந்தத் தாளில் அப்படி மூன்று வரிதான் இருந்தது. 14ஆம் வினாவில் 30ஐ 24 ஆக்கிப் பார்த்தேன். வர்க்கத்தின் 2 கீழே இறங்கி வந்து சிக்மாவின் தோளருகே நிற்கிறது. அந்த வரி உங்களுடையது சார். தொடர் பின்னத்துக்கு மட்டும் அடைப்பையே எடுத்துவிட்டேன். முன்னால் ஒரு சமக்குறி போட்டுத் தனி வரியில் வைத்தாயிற்று.